தாத்தாவின் தோணி ஏன் பொம்மை மாதிரித் தெரிகிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை, 1960-களில் இருந்தபடி, 3 அடிக்கு 2 அடிப் பலகையில் 1:72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) டயோராமாவாக, அதாவது சின்ன மாதிரிகளால் அமைத்த காட்சியாக, செய்திருக்கிறீர்கள். கடைசியில் தண்ணீருக்காக ஊற்றிய ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் திரவம்) விரிசல் விட்டுவிட்டது. எந்தக் கம்பெனி ரெசின் வாங்கினால் தண்ணீர் தண்ணீராகத் தெரியும் என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: விரிசல் இல்லாத பக்கம்கூடப் பொம்மைக் கடையில் வைத்தது போல இருக்கிறது, தாத்தா தண்டலாக, அதாவது தலைவராக இருந்து, ஓட்டிய சரக்குத் தோணி இது என்று அம்மாவிடம் காட்ட மனசு வரவில்லை என்று. நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ரெசினை மாற்றினால் இது சரியாகாது. எதனால் அப்படித் தெரிகிறது என்பதைப் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒரு கப்பல் கட்டும் தளத்தின் வரைபடப் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். கப்பலின் வளைவுகளை வரைவதும் அளவு எடுப்பதும்தான் என் தொழில். மாதிரிப் படகு செய்வது அதற்குப் பிறகு வந்த பழக்கம், இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஆகவே மரம், அளவு, கயிறு, தண்ணீர் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். ரசாயனம் நான் படித்தவனல்ல. ரெசின் பற்றிச் சொல்லப்போவது கைப்பழக்கத்தில் தெரிந்துகொண்டதும், தயாரிப்பாளர்கள் டப்பாவிலேயே அச்சடித்துக் கொடுப்பதும்தான்.

முதலில் விரிசல். ஒன்றரை அங்குல ஆழத்துக்கு ஒரே தடவையில் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். எபாக்சி ரெசின் இறுகும்போது சூட்டைக் கிளப்பும். மெல்லிய அடுக்காக இருந்தால் அந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும். மொத்தமாக ஊற்றினால் நடுவில் மாட்டிக்கொள்ளும், அந்தச் சூட்டில் ரெசின் இன்னும் வேகமாக இறுகும், இன்னும் சூடேறும். பிறகு ஆறும்போது நடுப்பகுதி ஒரு வேகத்திலும் ஓரம் ஒரு வேகத்திலும் சுருங்கும். விரிசல் அங்கேதான் வருகிறது. நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு மே மாத மதியம், சென்னையில், இரண்டு சென்டிமீட்டரை ஒரே மூச்சில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் மிச்சம் இருந்த கிண்ணத்திலிருந்து புகை வந்தது. பிளாஸ்டிக் கிட்டில் செய்த இழுவைப்படகின் அடிப்பகுதி அந்தச் சூட்டில் நெளிந்துபோனது, மூன்று மாத உழைப்பு. சாதாரண எபாக்சியை ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை ஊற்றி, அது இறுகிய பிறகு அடுத்த அடுக்கு ஊற்றுவதுதான் வழி. ஆழமாக ஊற்றுவதற்கென்றே மெதுவாக இறுகும் வகையும் கிடைக்கிறது, அதன் டப்பாவிலேயே எவ்வளவு ஆழம் என்று போட்டிருக்கும். உங்களுடையதில் ரெசினையும் அதை இறுக வைக்கும் திரவத்தையும் கலந்த விகிதமும் தப்பியிருக்கலாம். அதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. கையுறை போட்ட விரலால் அழுத்திப் பாருங்கள், இன்றைக்கும் பிசுபிசுவென்று இருந்தால் விகிதமோ கலக்கிய விதமோ தப்பியிருக்கிறது.

இதெல்லாம் சொன்னாலும், உங்களுக்கு ரெசினே தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு துறைமுகத்தில் நின்று கீழே குனிந்து பாருங்கள். அடி தெரியுமா? சேறு கலங்கி, எண்ணெய் படிந்து, பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மேல் கண் போகாது. நீங்கள் ஊற்றிய ஒன்றரை அங்குலம் 1:72-ல் 9 அடி ஆழம். 9 அடிக்குக் கீழே கிடக்கும் மணலும் கல்லும் பளிச்சென்று தெரிகிற துறைமுகம் பவளத் தீவுகளில் இருக்கும், தோணி சரக்கு ஏற்றும் துறையில் இருக்காது. உங்கள் தண்ணீர் மீன் தொட்டி மாதிரித் தெரிவதற்கு விரிசலைவிட இதுதான் பெரிய காரணம்.

நான் செய்கிற முறை இது. 6 மி.மீ. பிளைவுட்டை நீர்மட்டமாக வைத்துக்கொள்வேன். அதன் மேல் தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகாலைத் தடவி, டிஷ்யூ பேப்பரைப் பரப்பி, நனைந்த தூரிகையால் தட்டித் தட்டிச் சின்னச் சின்ன மடிப்பாக எழுப்புவேன். ஒரு நாள் காய வேண்டும். பிறகு அக்ரிலிக் வண்ணம்: அடியில் கரும்பச்சை கலந்த பழுப்பு, மேலே சாம்பல் பச்சை, சுவருக்கும் படகுக்கும் பக்கத்தில் இன்னும் இருட்டாக. கடைசியில் பளபளப்பு வார்னிஷ் நான்கைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஓவியக் கடைகளில் விற்கும், பளபளப்பாகக் காயும் அக்ரிலிக் ஜெல் கிடைத்தால் இரண்டு பூச்சோடு நிறுத்திவிட்டு ஜெல்லை விரலால் தடவலாம், தண்ணீரின் கனம் நன்றாக வரும். மொத்தச் செலவு நீங்கள் ரெசினுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகாது. தப்பானால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

இந்த மடிப்பின் உயரத்தில் கவனம் வேண்டும். உங்கள் படத்தில் அலைகள் ஒரு சென்டிமீட்டர் எழும்பி நிற்கின்றன. அது 72 சென்டிமீட்டர் அலை. அந்த அலையில் சரக்கு ஏற்றும் தோணி பாலத்தில் (படகு கட்டும் துறைமேடையில்) மோதி மோதி உடையும், எந்தத் தண்டலும் அங்கே கட்டி வைக்க மாட்டார். கட்டிய தோணியைச் சுற்றி 10 சென்டிமீட்டர் சலசலப்பு இருந்தாலே அதிகம், அது உங்கள் பலகையில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தட்டையாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். தண்ணீரை உயிரோட்டமாகக் காட்டுவது உயரத்தைவிடப் பளபளப்புதான். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தன் மேல் விழும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், அதனால் அதன் சொந்த நிறம் தெரியும். மட்டத்திலிருந்து 10 பாகை உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி திரும்பி வரும், அப்போது வானம் தெரியும். நல்ல வார்னிஷ் இதைத் தானாகவே செய்துவிடும். ஆகவே வானத்தின் நீலத்தை நீங்கள் தண்ணீரில் பூச வேண்டாம். டயோராமா செய்பவர்களில் பாதிப் பேர் செய்யும் தப்பு அந்த நீலம்.

ரெசினில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் மூன்றாவது படத்தில் தோணியின் பக்கவாட்டில் ரெசின் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறி ஒட்டியிருக்கிறது, தூணைச் சுற்றியும் அப்படியே. டம்ளர் ஓரத்தில் தண்ணீர் சற்று ஏறி நிற்குமே, அதே சங்கதி. நிஜத் தோணியிலும் அந்த ஏற்றம் உண்டு, ஆனால் 90 அடிப் படகில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறியது யார் கண்ணுக்கும் படாது. உங்கள் மாதிரியிலோ அது அரை அடி ஏறியது போல ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் 72-ஆல் வகுத்துச் சின்னதாக்கலாம், திரவத்தின் குணத்தை மட்டும் வகுக்க முடியாது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் இது சின்னப் பொருள் என்று மனசு உடனே கண்டுபிடித்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டயோராமாவில் குறைந்தது நான்கு அளவு விகிதங்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. தோணியை 38 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செய்திருக்கிறீர்கள். 90 அடித் தோணி 1:72-ல் சரியாக 15 அங்குலம், அது பொருந்துகிறது. ஆட்கள் 1:72 கிட்டிலிருந்து எடுத்த போர்வீரர்கள், துப்பாக்கியை வெட்டி வேட்டி கட்டியிருக்கிறீர்கள், 23 மி.மீ. உயரம், அதுவும் சரி. வேட்டியை டிஷ்யூ பேப்பரில் கட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பாலத்தில் நிற்கும் லாரி பொம்மைக் கடை லாரி, 7 சென்டிமீட்டர். 7 மீட்டர் லாரி உங்கள் அளவில் 10 சென்டிமீட்டர் வர வேண்டும். பக்கத்தில் நிற்கும் சுமைதூக்குபவரின் தலை லாரியின் கேபின் கூரையைத் தொடுகிறது. பொம்மை லாரிகள் அட்டைப்பெட்டிக்குள் அடங்குகிற அளவில் செய்யப்படுபவை, பேருந்தும் காரும் லாரியும் ஒரே நீளத்தில் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு மாட்டுவண்டி வையுங்கள். காலத்துக்கும் பொருந்தும், நீங்களே செய்துவிடலாம்.

அடுத்தது பலகை. தோணியின் பக்கப் பலகைகளுக்கு ஐஸ் குச்சியை முழு அகலத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். ஒன்பதரை மி.மீ. அகலம், 72-ஆல் பெருக்கினால் 68 சென்டிமீட்டர், இரண்டேகால் அடி. அந்த அகலத்தில் பலகை எடுக்க எவ்வளவு பெரிய மரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பது அங்குலப் பலகை என்று வைத்துக்கொண்டால் உங்கள் அளவில் எட்டில் ஒரு அங்குலம், 3 மி.மீ.தான் வரும். ஐஸ் குச்சியை நீளவாக்கில் மூன்றாகக் கீறினால் கணக்குச் சரியாகிவிடும். கீறுவதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள், பிளேடு ஓடும்போது நார் பிய்யாது. தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) வேண்டாம், அதன் ரேகை இந்த அளவுக்கு மிகப் பெரியது, பலகையில் வாய்க்கால் ஓடுவது போலத் தெரியும். மஞ்சக்கடம்பு கிடைத்தால் விடாதீர்கள், முன்பு சீப்பு செய்த மரம், நெய் போல அறுபடும். வெட்பாலையும் நல்லது, கர்நாடகத்துச் சன்னபட்ணா ஊர்ப் பொம்மைகள் அதில்தான் கடையப்படுகின்றன. பாய் கட்டும் கம்பான பருமலுக்கும் மற்றச் சின்னக் கம்புகளுக்கும் தென்னை ஈர்க்கைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. அடியில் தடித்து நுனியில் மெலிவதை அதுவே கொடுக்கிறது.

1:72 என்ற விகிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி, அவ்வளவுதான். 1:48 என்றால் கால் அங்குலத்துக்கு ஓர் அடி. அடி அங்குலத்தில் கட்டப்பட்ட படகுக்கு இந்த இரண்டுமே கணக்குக்குச் சௌகரியம். கடையில் கிடைக்கும் போர்க்கப்பல் கிட்டுகளில் பல 1:700 ஆக இருப்பதற்குக் காரணம் வேறு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து நிறுவனங்கள், டாமியா, ஹசெகாவா, ஆஒஷிமா, ஃபுஜிமி நான்கும் 1971-ல் கப்பல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, நீர்மட்டத்தோடு வெட்டிய கிட்டுகளை அந்த ஒரே அளவில் வெளியிடத் தொடங்கின. ஒரு கடற்படையையே மேசையில் அடுக்க அது உதவும். கயிறு கட்டும் மனிதனின் கை அதில் தெரியாது, மனிதனே இரண்டரை மில்லிமீட்டர்தான்.

அந்த 1:350 சரக்குக் கப்பலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தூரத்தில் இருப்பது போலத் தெரிய, சின்ன அளவுக் கப்பலைப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். யோசனை நல்லது, ஆனால் ஒரே இடத்திலிருந்து ஒரே கண்ணால் பார்த்தால்தான் அது பலிக்கும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் குட்டிக் கப்பல் குட்டிக் கப்பலாகவே தெரிந்துவிடும். வரலாறும் இடிக்கிறது. தூத்துக்குடியின் புதிய துறைமுகம் 1974-ல்தான் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பழைய துறையில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு தோணியிலும் படகிலும்தான் போய் வரும். உங்கள் தாத்தா காலத்துக் காட்சி என்றால் கப்பல் அவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும். 150 மீட்டர் கப்பல் 5 மைல் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். பின்திரை உங்கள் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருந்தால், அந்தக் கப்பல் திரையில் 13 மில்லிமீட்டர் நீளம். தீக்குச்சியில் மூன்றில் ஒரு பங்கு. அடிவானக் கோட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கீற்றாக வரைந்துவிடுங்கள். அந்தக் கீற்று இருந்தாலே தோணிகள் எதற்காக அங்கே காத்திருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

கயிறு. உங்கள் நான்காவது படத்தைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் தோணியை நன்றாகச் செய்துவிட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறீர்கள். அந்தச் சணல் ஒன்றரை மில்லிமீட்டர். நிஜத்தில் 11 சென்டிமீட்டர், ஒரு ஆளின் முன்கை தடிமன். ஓர் அங்குலக் கயிறு உங்களுக்கு 0.35 மி.மீ. வர வேண்டும், சாதாரண பருத்தித் தையல் நூல் போதும். அந்த நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுங்கள், பிசிறு அடங்கும். பிறகு பாருங்கள், நூல் கம்பி போல விறைத்து நிற்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். நிஜக் கயிறு தன் எடையால் நடுவில் தொய்யும், நூலுக்கு அந்த எடை கிடையாது. தொய்வை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். பழைய ஸ்பீக்கர் வயரை உரித்தால் தலைமுடி போன்ற செப்புக் கம்பிகள் கிடைக்கும். மூன்றை எடுத்து ஒரு முனையைக் கவ்வியில் பிடித்து, மறு முனையைக் கை டிரில்லில் மாட்டி முறுக்குங்கள். மூன்று இழைக் கயிறே உருவாகும், புரி தெரியும், வளைத்த இடத்தில் வளைந்து நிற்கும். மங்கிய வைக்கோல் நிறம் பூசுங்கள். பாலத்தின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் ஒரு துளி வெளிர் நிறம், தண்ணீரில் தொட்டுத் தொட்டு எழும் இடத்தில் ஒரு துளி கரும்பச்சை. முன் கயிறு இறுக்கமாகவும் பின் கயிறு தொய்வாகவும் இருந்தால் தோணியைக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு கயிற்றுக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவழியுங்கள், வேறு எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும்.

இதே கவனத்தை நீர்க்கோட்டுக்கும் கொடுங்கள். உங்கள் பாலத்துத் தூண்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே சிமெண்ட் நிறம். தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்குள்தான், உங்கள் அளவில் ஒரு சென்டிமீட்டர் பட்டை. அந்தப் பட்டையின் அடியில் ஈரப்பாசி, கரும்பச்சை. அதன் மேல் ஒட்டுச்சிப்பி மண்டிய சொரசொரப்பான சாம்பல் வெள்ளை. நன்றாகச் சலித்த மணலைக் கோந்தில் தூவினால் வந்துவிடும். அதற்கும் மேலே காய்ந்த சுவர். குஜராத்தின் பாவ்நகர் மாதிரி பத்து மீட்டர் கடல் ஏறும் ஊரைப் படத்தில் பார்த்துவிட்டு உயரமாகப் பாசி பூசிவிடாதீர்கள். தோணியிலும் இதேதான்: சரக்கு இறக்கிய தோணி உயர்ந்து மிதக்கும், முன்பு தண்ணீருக்குள் இருந்த கறை வெளியே தெரியும். உங்கள் தோணியில் மூட்டைகள் குவிந்திருக்கின்றன, ஆனால் அது வெறுந்தோணி போல உயரத்தில் மிதக்கிறது. ஒன்று மூட்டையைக் குறையுங்கள், இல்லையேல் அடியை அறுத்து நான்கைந்து மில்லிமீட்டர் இறக்குங்கள். தோணி மோதாமல் இருக்கத் தொங்கவிட்ட டயர்கள் சரியாகவே இருக்கின்றன. குழாய்க் கடை ரப்பர் வளையம் நல்ல யோசனை, 14 மி.மீ. விட்டம் லாரி டயருக்குப் பொருந்தும். அதன் மினுமினுப்பை மட்டும் சாக்பீஸ் தூள் தேய்த்துப் போக்குங்கள்.

இதுவரை சொன்னவை கணக்கில் வருபவை, அவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்பவை இந்தப் பொழுதுபோக்கில் பழுத்தவர்களே ஒத்துப்போகாத விஷயங்கள். ஒன்று நிறம். தூரத்துப் பொருள் வெளிறித் தெரிவதால் சின்ன மாதிரியிலும் நிறத்தை வெளிற வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. எந்த அளவுக்கு எத்தனை சதவீதம் வெள்ளை சேர்க்க வேண்டும் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணைகளுக்கு உறுதியான அடிப்படை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, பெரும்பாலும் கண் ரசனைதான். ஆனால் டப்பாவிலிருந்து எடுத்த சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். இன்னொன்று ஆணி. நிஜ ஆணித் தலை 1:72-ல் கால் மில்லிமீட்டர்கூட வராது, இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. அதைக் காட்டலாமா கூடாதா என்பது தீராத வழக்கு. நான் கூர்மையான ஊசியால் லேசாகக் குத்திவிட்டு அதன் மேல் மை கலந்த தண்ணீரை ஓட விடுவேன். பார்ப்பவருக்கு ஆணி தெரியாது, படகு கட்டும் தச்சரான ஓடாவியின் கை பட்ட மரம் என்பது தெரியும். கலப்பத்துப் பார்த்த (தண்ணீர் புகாமல் அடைத்த) இடுக்கை ஒவ்வொரு பலகைக்கும் கோடு கிழித்துக் காட்டாதீர்கள், அங்கங்கே நாலு இடத்தில் போதும். கணக்கு கேட்டால் என்னிடம் கிடையாது, கண்ணுக்கு அப்படித்தான் சரியாகப் படுகிறது.

பலகையைப் பற்றி ஒரு யோசனை. 3 அடிக்கு 2 அடி என்பது நிஜத்தில் 216 அடிக்கு 144 அடி. அவ்வளவு இடத்தை நிரப்பத்தான் லாரியும் கப்பலும் கிடங்கும் விளக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. நீங்கள் காட்ட விரும்புவது ஒரு தோணியை. ஒன்றரை அடிக்கு ஓர் அடியில் 15 அங்குலத் தோணி தாராளமாக நிற்கும், பாலத்தின் ஒரு துண்டும் இரண்டு தூணும் போதும். தோணியைப் பலகையின் விளிம்புக்கு இணையாக வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். பாலம் பலகையின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கட்டும், அப்பாலும் துறைமுகம் தொடர்கிறது என்று பார்ப்பவர் மனசு நிரப்பிக்கொள்ளும். ஆட்கள் மூவர் போதும். இப்போது இருக்கும் பதினான்கு பேரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலை செய்கிறார்கள், கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது.

பிளான் கிடைக்காததால் தோணியின் வடிவத்தை உத்தேசமாகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அணியம், அதாவது முன்பக்கம், கொஞ்சம் ஒல்லியாக, விசைப்படகு மாதிரி வந்துவிட்டது. தோணிக்கு வயிறு பெட்டி போலப் பருத்திருக்கும், சரக்குக்காகக் கட்டியது. கரையேற்றி மராமத்துப் பார்க்கும் தோணி எங்காவது கிடைத்தால், உரிமையாளரிடமும் ஓடாவியிடமும் கேட்டுக்கொண்டு அளவெடுங்கள். தோணியின் நீளத்துக்குத் தரையில் ஒரு நூல் கட்டி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வோர் அடி உயரத்திலும் குண்டு தொங்கும் நூலிலிருந்து பலகை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் போதும், மறுபக்கம் அதன் நிழல். இந்த எண்களை வரைபடத் தாளில் புள்ளியாக வைத்துச் சேர்த்தால் படகின் வளைவு வந்துவிடும். எந்தப் புள்ளியாவது வளைவில் இடறினால் அந்த அளவு தப்பு, மறுநாள் போய் அதை மட்டும் மறுபடி எடுங்கள். துறைமுக எல்லைக்குள் அனுமதியில்லாமல் படம் எடுக்க முயல வேண்டாம். நம் கடற்கரைப் படகுகளை இப்படி அளந்து வரைந்தவர்கள் முன்பே உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எட்மோன் பாரி மூன்று நீண்ட கடற்பயணங்களில் கண்ட படகுகளை வரைந்து 1840-களில் வெளியிட்டார், அதில் சோழமண்டலக் கரைப் படகுகளும் இருக்கின்றன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதியதும் இணையத்தில் பழைய நூல்களோடு கிடைக்கிறது. உங்கள் தாத்தாவின் தோணி அவற்றில் இருக்காது, ஆனால் குடும்பச் சாயல் தெரியும்.

ஒட்டும் பொருள்களைப் பற்றி இரண்டு வரி. தெர்மோகோலை ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி கரைப்பான் கலந்த பசையால் ஒட்டினால் உருகிக் குழியாகிவிடும், வெள்ளை ஃபெவிகால்தான் வேண்டும். ஃபெவிக்விக்கின் ஆவி படிந்தால் பளபளப்பான இடம் வெள்ளை பூத்துவிடும், தண்ணீருக்குப் பக்கத்தில் வேண்டாம். மீண்டும் ரெசினைத் தொடுவதாக இருந்தால் நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் திரும்பிப் போகாது. மெல்லிய துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் அந்த ஒரே புகைப்படம். தாத்தா தோணியின் மேல்தட்டில் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நினைவுக்காக மட்டும்தான் என்றும். அதைவிட நல்ல அளவுகோல் உங்களுக்குக் கிடைக்காது. அவர் எவ்வளவு உயரம் என்று அம்மாவிடம் கேளுங்கள், வாசல் நிலையில் எந்த இடத்துக்கு அவர் தலை வரும் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். ஐந்தரை அடி என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அவர் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பாய்மரம் அவருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதே விகிதம் அதற்கும் செல்லும்: அதன் பருமன், அவர் இடுப்புக்கு எதிரே தெரியும் விளிம்புப் பலகையின் உயரம், காலடியில் சுருட்டி வைத்த கயிற்றின் தடிமன் எல்லாம் கிடைத்துவிடும். அவருக்கு முன்னாலும் பின்னாலும் தள்ளி இருப்பவற்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், தூரத்தால் அளவு மாறும். புதிய பலகையில் மூன்று ஆட்களில் முதலில் அவரைச் செய்யுங்கள், 23 மில்லிமீட்டர், வலது கை பாய்மரத்தில். தோணியின் மற்ற எல்லாவற்றையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டுங்கள்.